பாஸ்புக்கில் 43, சர்வரில் 38

கோத்தகிரிக்கு வெளியே மூன்று ஊர்களில் இலை ஷெட் வைத்திருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, சிறு விவசாயிகளிடம் வாங்கும் பசுந்தேயிலையின் எடைக் கணக்கைப் பதியும் மென்பொருளை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பகலில் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்வதால், இது மாலை நேரத்து வேலைதான். ஆனால் பல ஊர்களில் பரவிக் கிடக்கும் கணினிகளில் ஒரே தரவின் நகல்களை எப்படி இசைந்திருக்கச் செய்வது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்தது பகல் வேலையன்று, இந்த மாலை வேலையே.

சாக்கைத் தராசில் மாட்டி, ஈரத்துக்கான கழிவைக் கழித்து, மீதமுள்ள எடையை ஷெட்டில் இருப்பவர் கைபேசியில் தட்டுகிறார். அதையே விவசாயியின் பாஸ்புக்கில் பேனாவால் எழுதுகிறார். கைபேசியில் பதிந்த எண் சென்னை, ஹைதராபாத், மும்பை ஆகிய மூன்று நகரங்களில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர்களுக்குச் செல்கிறது. ஆக, ஒரு சாக்கு இலைக்கு ஐந்து நகல்கள் உண்டு. அவற்றுள் நான்கு மின்னணு நகல்கள், ஒன்று மை.

முதலாம் ஆண்டிலேயே இவை ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரு நாள் மாலை ஷெட் கைபேசியில் ஓர் எடை 38 கிலோ என்று தவறாகப் பதிவாகிவிட்டது. இலை கொண்டுவந்த அக்கா உடனே சுட்டிக்காட்டியதால், மேற்பார்வையாளர் தம் கைபேசியிலிருந்து அதை 43 என்று திருத்தி, பாஸ்புக்கிலும் 43 என்றே எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் பணம் வாங்க வந்த அந்த அக்கா, "தம்பி, புஸ்தகத்துல நாப்பத்தி மூணு இருக்கு, உங்க கம்ப்யூட்டர்ல முப்பத்தெட்டு இருக்கு. இதுல எது என் இலை?" என்று கேட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. ஷெட் கைபேசியில் நேரம் தானாகச் சரியாகும் வசதியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அதன் கடிகாரம் 22 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் 4.10க்கு நடந்த தவறான பதிவு 4.32 என்ற முத்திரையோடும், 4.20க்கு நடந்த திருத்தம் 4.20 என்ற முத்திரையோடும் சர்வரை அடைந்தன. ஒரே தரவுக்கு இரண்டு மதிப்புகள் வந்தால் பிந்திய நேரமுடையதை வைத்துக்கொள் என்ற விதியைத்தான் நான் எழுதியிருந்தேன். பரவலாகப் பயன்படுத்தப்படும் தரவுத்தளங்கள் பலவற்றிலும் இருக்கும் விதிதான் அது. அவ்விதி எந்த எச்சரிக்கையும் தராமல், எந்தப் பிழைச் செய்தியும் எழுதாமல், திருத்தத்தைத் தூக்கியெறிந்துவிட்டுத் தவறைக் காப்பாற்றியது.

இதற்கான மருந்து 1978இலேயே எழுதப்பட்டுவிட்டது. கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தொலைவில் இருக்கும் கணினிகளுக்கிடையே 'எது முன், எது பின்' என்று தீர்மானிக்கச் சுவர்க் கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை என்று காட்டினார். ஒரு நிகழ்வு மற்றொன்றை அறிந்த பிறகு நடந்திருந்தால் மட்டுமே அது பின்னது. ஒன்றையொன்று அறியாமல் நடந்தவற்றுக்கு இயல்பான முன்பின் வரிசையே கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அதை ஒன்று கூட்டி, அனுப்பும் செய்தியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பெற்றுக்கொள்ளும் கருவி தன் எண்ணையும் வந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்து ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளரின் கைபேசி 38 என்ற பதிவைக் கண்ட பிறகுதான் அதைத் திருத்தியது என்பதால், அத்திருத்தத்தின் எண் கட்டாயம் பெரியதாக இருந்திருக்கும். கடிகாரம் 22 நிமிடமென்ன, 22 ஆண்டுகள் பிசகியிருந்தாலும் கவலையில்லை. ஆனால் இந்த ஒற்றை எண்ணால் ஒரு காரியம் முடியாது. பெரிய எண்ணுடைய பதிவு சிறிய எண்ணுடையதை உண்மையிலேயே அறிந்து எழுதப்பட்டதா, தற்செயலாகப் பெரிய எண் வாங்கியதா என்று அது சொல்லாது. அதற்கு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி எண் வைத்து, அவ்வெண்களை ஒரு வரிசையாகச் சேர்த்து அனுப்பும் வெக்டர் கடிகாரம் வேண்டும். ஃபிட்ஜும் மாட்டெர்னும் தனித்தனியே 1988இல் அதை முன்வைத்தார்கள். எங்களிடம் மொத்தம் ஏழு கருவிகள்தான் இருப்பதால், ஏழு எண்கள் ஒரு சுமையே இல்லை.

கடிகாரத்தையே திருத்திவிட்டால் என்ன என்று தொழிற்சாலைக் கணக்கர் கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான். பெரும் பணம் இருப்பவர்கள் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். கூகுள் 2012இல் விவரித்த ஸ்பேனர் என்ற தரவுத்தளம், ஒவ்வொரு தரவு மையத்திலும் ஜிபிஎஸ் ஏற்பிகளையும் அணுக்கடிகாரங்களையும் வைத்திருக்கிறது. அதிலும் எனக்குப் பிடித்தது அந்தக் கடிகாரத்தின் துல்லியமன்று, அதன் அடக்கம். 'இப்போது மணி இன்னது' என்று அது சொல்வதில்லை. 'இந்தக் கணத்துக்கும் அந்தக் கணத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறோம்' என்று ஓர் இடைவெளியைத் தருகிறது. அந்த இடைவெளி சில மில்லிவினாடிகளே. அது கழியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஒரு பதிவு முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. யாரோ நேரத்தை மாற்றிவைத்த கைபேசியை நம்பி இருக்கும் இலை ஷெட்டுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

சர்வர்கள் மூன்றும் தமக்குள் ஒத்துப்போவது, ஒப்பிட்டால் எளிய பகுதி. மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால் பதிவு உறுதியாகிறது. மூன்றிலிருந்து எந்த இரண்டிரண்டாக எடுத்தாலும் இரு குழுக்களுக்கும் பொதுவாக ஒரு சர்வராவது இருந்தே தீரும் என்பதால், உறுதியான பதிவை அறியாத பெரும்பான்மை ஒன்று உருவாகவே முடியாது. லாம்போர்ட் 1990இல் எழுதி 1998இல் அச்சான பாக்ஸோஸ் முறையும், அதைவிடப் புரிந்துகொள்ள எளிதாக இருக்க வேண்டும் என்றே ஒங்காரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட் முறையும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. விலை தூரத்தில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் 1000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், போய்த் திரும்ப 10 மில்லிவினாடிக்குக் குறைவாக எந்தச் சர்வராலும் முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். எங்கள் தலைமைச் சர்வர் சென்னையில் இருக்கிறது; அதற்கு ஹைதராபாத்தின் பதில் மட்டும் கிடைத்தாலே பெரும்பான்மை சேர்ந்துவிடும் என்பதால் மும்பைக்காக யாரும் காத்திருப்பதில்லை. சாக்கைத் தராசிலிருந்து இறக்கும் நேரத்தில் இது பத்து தடவை முடிந்துவிடும்.

சிக்கல் மலையில்தான் இருக்கிறது. எங்கள் ஷெட்டுகளில் இரண்டு ஒரே பள்ளத்தாக்கின் எதிரெதிர்ச் சரிவுகளில் இருக்கின்றன. மூடுபனி இல்லாத காலையில் ஒன்றின் வாசலில் நின்றால் மற்றதன் தகரக் கூரை தெரியும். ஆனாலும் இங்கே போட்ட எடை அங்கே தெரிய வேண்டுமானால், அச்செய்தி மலையிறங்கிச் சென்னை வரை போய் மறுபடியும் மலையேற வேண்டும். நவம்பரில், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், அந்த வழி சில மணி நேரமோ சில நாட்களோ இருக்காது. 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், சாலைகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததையும் இங்கே யாரும் மறந்துவிடவில்லை. இணையத்துக்கும் சாலைதான் வழி என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இணைப்பு வாங்கி, ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று நிம்மதியாக இருந்தோம்; ஒரு சிறிய மண்சரிவில் இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. இரண்டு கேபிள்களும் ஒரே மலைச்சாலையின் ஒரே ஓரத்தில் புதைந்திருந்தன. ரசீதில்தான் இரண்டு வழிகள் இருந்தன, மண்ணில் ஒன்றுதான் இருந்தது.

இங்கேதான் எரிக் புரூவர் 2000இல் ஓர் உரையில் முன்வைத்து, கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் நிறுவிய முடிவு வருகிறது. நகல்களுக்கிடையே தொடர்பு அறுந்திருக்கும்போது, எல்லா நகல்களும் ஒன்றுபோலவே தோன்ற வேண்டும் என்பதையும், கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்பதையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. 'இசைவு, கிடைப்பு, துண்டிப்பைத் தாங்குதல் ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்துகொள்' என்று இதைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. துண்டிப்பு நாம் தேர்ந்துகொள்வதில்லை, மழை தேர்ந்துகொள்கிறது. அது வந்தபின் மற்ற இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. இலை ஷெட்டைப் பொறுத்தவரை அதிலும் தேர்வு இல்லை. பறித்த இலை மதியத்துக்குமேல் சாக்கில் சூடேறத் தொடங்கும். சென்னையிலிருந்து பதில் வரவில்லை, இன்று எடை போட முடியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

துண்டிப்பு நீளமாக இருந்தால்தான் ஆபத்து என்றும் எண்ணக் கூடாது. 2018 அக்டோபர் 21 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பணியின்போது, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த அவர்களின் பிணைய மையத்துக்கும் அங்கிருந்த முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே தொடர்பு 43 வினாடிகள் அறுந்தது. 43 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு அந்த அக்காவின் பாஸ்புக்தான் நினைவுக்கு வந்தது. அந்த இடைவெளியில் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையிலிருந்த தரவுத்தளங்களைத் தலைமைக்கு உயர்த்திவிட்டது. கிழக்கிலோ, மேற்குக்கு இன்னும் போய்ச் சேராத சில வினாடிப் பதிவுகள் இருந்தன. மேற்கில் புதிய பதிவுகளும் சேர ஆரம்பித்துவிட்டதால், இரு பக்கத்திலும் மற்றதில் இல்லாத தரவு இருந்தது. ஒரு பக்கத்தைத் தூக்கியெறிவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

ஆகவே என் வேலை துண்டிப்பைத் தவிர்ப்பதாக இருக்க முடியாது. துண்டிப்புக்குப் பின் இரண்டு பக்கங்களையும் எதையும் இழக்காமல் சேர்க்கக்கூடிய வடிவத்தில் தரவை எழுதுவதாகவே இருக்க வேண்டும். நான் முதலில் எழுதியிருந்த வடிவம் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு விவசாயிக்கும் 'இம்மாத மொத்தம்' என்று ஒரே எண்ணை வைத்திருந்தேன். மொத்தம் 212 கிலோ என்று இரு ஷெட்டுகளும் அறிந்திருக்கும் நிலையில் தொடர்பு அறுந்தால், ஒரு ஷெட் 38ஐக் கூட்டி 250 என்றும், மற்றது 41ஐக் கூட்டி 253 என்றும் எழுதும். இரண்டில் எதை ஏற்றாலும் தவறு. சரியான விடையான 291 எந்த நகலிலும் இல்லை. மொத்தத்தை எழுதாமல், எடையை மட்டும் தனித்தனிப் பதிவுகளாக எழுதினால் இந்தச் சண்டையே எழாது. இரு தொகுதிகளையும் சேர்த்துவைத்துக் கூட்டினால் போதும். எது முதலில் வந்தது என்பது விடையைப் பாதிக்காது. ஷெட் எண், கருவி எண், வரிசை எண் மூன்றும் சேர்ந்த அடையாளத்தை ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்துவிட்டால், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கைபேசி ஒரே பதிவை நான்கு முறை அனுப்பினாலும் அது ஒருமுறைதான் கணக்கில் ஏறும். ஷப்பீரோவும் அவருடைய சகாக்களும் 2011இல் இத்தகைய தரவு வடிவங்களுக்கு முறையான இலக்கணம் வகுத்தார்கள்: சேர்க்கும் வரிசை மாறினாலும், சேர்த்ததையே மறுபடி சேர்த்தாலும் விடை மாறக் கூடாது. மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு இந்த இலக்கணத்தை என்றோ பின்பற்றிவிட்டது.

அழிப்பது மட்டும் தொல்லை. அமேசான் 2007இல் விவரித்த டைனமோ அமைப்பில், வாங்கும் கூடையின் இரு நகல்கள் பிரிந்து மீண்டும் சேரும்போது, போட்ட பொருள் தொலைவதில்லை. ஆனால் எடுத்துவிட்ட பொருள் சில சமயம் திரும்பி வந்துவிடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்கள் அழித்த இடத்தில் ஒரு கல்லறைக் குறியை நட்டுவைக்கின்றன; அக்குறியை இயல்பாக 8,64,000 வினாடிகள், அதாவது பத்து நாட்கள், வைத்திருந்து பிறகு துடைத்துவிடுகின்றன. அதற்குமேல் தொடர்பில்லாமல் கிடந்த நகல் ஒன்று திரும்பி வந்தால், செத்த பதிவு உயிர்த்தெழும். நாங்கள் எதையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். தவறான 38 அப்படியே இருக்கும். 'இன்ன அடையாளமுடைய பதிவுக்கு மாற்றாக 43' என்று இன்னொரு பதிவு அதன்மேல் ஏறும். பழைய கணக்குப்பிள்ளைகள் தவறை அழிக்காமல் கோடிட்டு அடித்துக் கையொப்பம் இடுவதை, கணக்கர் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

எல்லாத் தரவும் இப்படி இணக்கமாக நடந்துகொண்டால் இந்த வேலைக்கு மாலை நேரமே தேவைப்படாது. முன்பணம் அப்படி நடந்துகொள்ளவில்லை. வரவிருக்கும் இலைப் பணத்தை நம்பி ஒரு குடும்பத்துக்கு மாதம் 3000 ரூபாய் வரை ஷெட்டிலேயே கொடுக்கலாம் என்பது தொழிற்சாலையின் விதி. தொடர்பு அறுந்திருந்த ஒரு வாரத்தில், ஒரே குடும்பத்தின் இருவர் இரண்டு ஷெட்டுகளில் ஆளுக்கு 3000 வாங்கிவிட்டார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது, ஷெட்டுகளுக்கும் தெரியாது. பதிவுகளைச் சேர்த்தபோது ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை, கூட்டல் துல்லியமாக 6000 என்று காட்டியது. ஒவ்வொரு நகலும் விதியை மதித்திருந்தது, சேர்க்கை மட்டும் மீறியிருந்தது. கூட்டிக்கொண்டே போகும் தரவுக்கும், ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டிய தரவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, எந்தத் தரவுத்தளத்தின் எந்த அமைப்புப் பக்கத்தில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் மறைக்க முடியாது. எந்த விதி உடையக் கூடாது என்பது தொழிற்சாலைக்குத் தெரிந்த செய்தி. அதைக் கேட்டறிந்து எழுதுவது நிரலாளரின் பொறுப்பு.

தீர்வு 1986இல் பேட்ரிக் ஓநீல் வெளியிட்ட ஒரு கருத்தின் வழிவந்தது. வரம்பை முன்கூட்டியே பங்கு பிரித்துவிட வேண்டும். அந்தக் குடும்பம் வழக்கமாக இலை போடும் ஷெட்டுக்கு 2000, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 500 என்று தொடர்பு இருக்கும்போதே கொடுத்துவைத்துவிட்டால், தொடர்பு அறுந்த பிறகு ஒவ்வொரு ஷெட்டும் தன் பங்குக்குள் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம். மூன்றும் முழுதாகக் கொடுத்துத் தீர்த்தாலும் 3000ஐத் தாண்டாது. ஒரு ஷெட்டின் பங்கு தீர்ந்துவிட்டால், மற்றதில் மீதமிருந்தாலும், தொடர்பு வரும்வரை இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும். அந்த 'இல்லை'யைச் சொல்லி ஏச்சு வாங்குவது ஷெட்டில் இருப்பவர். நானோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

'நாளடைவில் நகல்கள் ஒத்துப்போகும்' என்று இந்தத் துறையில் சாதாரணமாகச் சொல்வோம். நாளடைவில் என்றால் எத்தனை நாள் என்று பணம் வாங்க வந்தவர் கேட்டால் அச்சொல் பதில் தராது. காலையில் ஒரு ஷெட்டில் இலை போட்டுவிட்டு மாலையில் இன்னொன்றில் விசாரிக்கும் ஒருவருக்குத் தான் போட்டதே அங்கே தெரியாமற்போவதுதான், நான் கண்ட முறையீடுகளில் மிகுதியானது. உலகமெல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தான் செய்தது தனக்குத் தெரிய வேண்டும், ஒருமுறை பார்த்தது மறுமுறை காணாமற்போகக் கூடாது என்றுதான் கேட்கிறார். செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில், தொடர்பு விட்டுவிட்டு வரும் கணினிகளுக்காக பேயூ என்ற அமைப்பை உருவாக்கியவர்கள், 1994இலேயே இந்த எளிய கோரிக்கைகளைத் தனியே பிரித்தெடுத்து நான்கு உறுதிமொழிகளாக எழுதினார்கள். அவற்றைக் காப்பாற்ற எல்லா நகல்களும் ஒத்துப்போக வேண்டியதில்லை; வருபவர் தாம் இதுவரை எதைக் கண்டார் என்ற குறிப்பைத் தம்மோடு எடுத்துவந்தால் போதும்.

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனெனில் அந்தக் குறிப்பை எடுத்துவரும் பொருள் ஏற்கெனவே ஒவ்வொரு விவசாயியின் கையிலும் இருந்தது. பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பதிவின் அடையாளத்தை எழுதச் சொன்னோம். இப்போது எந்த ஷெட்டுக்குப் போனாலும், கைபேசி முதலில் கடைசி வரியின் அடையாளத்தைக் கேட்கிறது. அந்தப் பதிவு தன்னிடம் இல்லையென்றால், பழைய மொத்தத்தை உறுதியோடு காட்டித் தொலைக்காமல், 'இந்த விவசாயியின் கணக்கு எனக்கு முழுதாகத் தெரியாது' என்று சொல்கிறது; இணைப்பு இருந்தால் சர்வரிடம் கேட்டு வாங்குகிறது, இல்லையென்றால் பாஸ்புக்கின் விடுபட்ட வரிகளைப் பார்த்துத் தட்டிக்கொள்ளச் சொல்கிறது. அடையாளம் ஒன்றே என்பதால், பிறகு அதே பதிவு சர்வர் வழியாக வந்தாலும் இரட்டிப்பதில்லை. மண்சரிவில் கேபிள் அறுந்திருந்த நாட்களில், எங்கள் ஷெட்டுகளுக்கிடையே தரவைச் சுமந்து சென்றவர்கள் இலை போட வந்தவர்களே.

சென்ற ஜனவரியில், நவம்பர் மழையில் நனைந்து மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு ஷெட் கைபேசியை யாரோ சார்ஜில் போட்டார்கள். அது உயிர் பெற்று, யாரும் அறிந்திராத 11 பதிவுகளை அனுப்பியது. மென்பொருள் தடுமாறாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கைபேசி நனைந்த நாளில், தொழிற்சாலையில் இருந்தவர்கள் 9 எடைகளை நினைவிலிருந்தும் துண்டுச் சீட்டிலிருந்தும் கையால் பதிந்திருந்தார்கள், வேறு கருவியில், வேறு அடையாளங்களோடு. இரண்டு அடையாளங்களும் ஒரே சாக்கைத்தான் குறிக்கின்றன என்று எந்த வெக்டர் கடிகாரத்துக்கும் தெரிய வழியில்லை. 11 பேரையும் பாஸ்புக்கோடு ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி, வரிவரியாக ஒப்பிட்டு, 9க்கு மாற்றுப் பதிவு போட்டோம். மீதி இரண்டு பேருக்கு, அவர்களே கேட்காமல் விட்டுவிட்டிருந்த 34 கிலோவுக்கும் 29 கிலோவுக்கும் பணம் கொடுத்தோம்.